கேம் ஷாஃப்டும் வால்வு ஸ்பிரிங்கும்: கடலுக்குப் போகிற எஞ்சினுக்கு எது முதலில்?

திருவாரூரில் இருக்கிற மிகப் பெரிய மிதவை கமலாலயத் தெப்பம்தான். அதற்கு எஞ்சின் கிடையாது. வடம் பிடித்து இழுத்தால் நகரும். திருவாரூர்க்காரர்களுக்கு எஞ்சின் என்றதும் நினைவுக்கு வருவது வயல் மேட்டில் புகை விட்டுக்கொண்டு தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின். ஆனால் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் முத்துப்பேட்டை இருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலைத் தொடுகிற இடம் அது. அங்கிருந்து கிழக்கே போனால் வேதாரண்யம், கோடியக்கரை, வடக்கே திரும்பினால் நாகப்பட்டினம். இந்தக் கரை முழுக்க வாழ்க்கை ஓடுவது படகு எஞ்சினில்தான்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2001-இல் தமிழகத்தில் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாகிவிட்டது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக வந்த தடை. ஆனால் கரையில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் இந்த 61 நாளில்தான். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொண்டுபோய் இறக்கிய உடனே இரண்டு கேள்வி வரும். "கேம் மாற்றினால் வேகம் கூடுமாமே?" என்பது ஒன்று. "ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டுடலாமா?" என்பது இன்னொன்று.

முதல் கேள்வியில் ஆசை இருக்கிறது, இரண்டாவதில் சிக்கனம் இருக்கிறது. இரண்டுமே தலைகீழ். ஆசை ஸ்பிரிங் மேல் இருக்க வேண்டும், சிக்கனம் கேம் மேல் இருக்க வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வால்வு என்பது வாய்க்கால் மதகு. இன்லெட் வால்வு தண்ணீர் பாயும் மதகு, எக்ஸாஸ்ட் வால்வு வடிகால் மதகு. மதகை எப்போது திறப்பது, எவ்வளவு உயரம் தூக்குவது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிற முறைக்காரர்தான் கேம் ஷாஃப்ட். அதில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் லோப் சுற்றி வந்து டேப்பட்டைத் தள்ளும். டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். திறப்பது மட்டும்தான் கேமின் வேலை. மூடுவது ஸ்பிரிங். கேம் எவ்வளவு அழகாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், ஸ்பிரிங் அதன் பின்னாலேயே வால்வைக் கூட்டி வராவிட்டால் அந்த அழகால் பயனில்லை.

இரண்டு மதகும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற ஒரு சின்ன இடைவெளி எஞ்சினில் உண்டு. ஓவர்லாப் என்பார்கள். எக்ஸாஸ்ட் மூடி முடிவதற்குள் இன்லெட் திறந்துவிடும். அதிக வேகத்தில் சுற்றும் பந்தய எஞ்சினில் இது நிறைய வேண்டும். காற்று ஓடுகிற வேகமே பழைய புகையைத் துடைத்துத் தள்ளிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் இதையே செய்தால், பாய்ச்சல் மதகையும் வடிகாலையும் சேர்த்துத் திறந்துவைத்த வயல் மாதிரிதான். வந்த தண்ணீர் நேரே வடிகாலில் போகும், சமயத்தில் வடிகால் தண்ணீர் வயலுக்குள் திரும்பி வரும்.

"ரேஸ் கேம்" மோகம் பைக்கிலிருந்து வந்தது. நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் லிஃப்ட் அதிகமான, நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம் போட்டால் மேல் ஆர்.பி.எம்.மில் பறக்கும் என்பது உண்மைதான். பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் சுற்றும் எஞ்சினுக்கு அது பொருந்தும். (ஒரு வேடிக்கை: 2018 நவம்பரில் அமராவதியில் கிருஷ்ணா நதியில் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது. அந்தப் படகுகளில் இருந்த 2.5 லிட்டர் மெர்க்குரி வி6 எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக். அதில் கேம் ஷாஃப்டே கிடையாது, வால்வு ஸ்பிரிங்கும் கிடையாது! உலகத்தின் வேகமான படகுகளில் சிலவற்றுக்குத் தேவைப்படாத ஒரு பொருளை வைத்துத்தான் இங்கே வேகத்தைக் கனவு காண்கிறார்கள்.)

நாகப்பட்டினத்து விசைப்படகில் இருப்பது டீசல். பெரும்பாலும் லாரி எஞ்சினின் கடல் வடிவம். அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் தமிழகக் கடற்கரையில் நெடுங்காலமாக ஓடுகின்றன. சிறிய ஃபைபர் படகுகளில் லோம்பார்டினி வகை ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் டீசல். டீசலில் கேம் மாற்றுவது ஏன் வீண் என்பதற்குக் காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றின் அளவுதான் சக்தியைத் தீர்மானிக்கிறது. டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது பம்ப் பீய்ச்சும் டீசலின் அளவு. அதற்கு மேல் கவர்னர் உட்கார்ந்துகொண்டு, குறித்த ஆர்.பி.எம்.முக்கு மேல் போகவே விடாது. மேல் ஆர்.பி.எம்.முக்காக வெட்டிய கேமை, அந்த ஆர்.பி.எம்.முக்குப் போகவே போகாத எஞ்சினில் போடுவதால் என்ன கிடைக்கும்?

கிடைப்பது நஷ்டம்தான். நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் தீப்பிடிக்கிறது. அமுக்கம் குறைந்தால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும். இன்னொரு ஆபத்தும் உண்டு. டீசலில் பிஸ்டன் மேல் முனைக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான். ஓவர்லாப்பைக் கூட்டினால் அந்த நேரத்தில் வால்வு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பிஸ்டன் அதை முட்டும். பிறகு கேம் பற்றிப் பேச எஞ்சின் இருக்காது.

லாரிக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பலர் யோசிப்பதில்லை. கும்பகோணம் சாலையில் போகிற லாரிக்கு மேடு வரும், பள்ளம் வரும், கியர் மாற்றலாம், காலை எடுக்கலாம். படகுக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை. புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்காக ஒரே சுமை, ஒரே ஆர்.பி.எம். அந்தச் சுமையும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஏறத்தாழ ஆர்.பி.எம்.மின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆர்.பி.எம்.மைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும் (1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.331). கேம் மாற்றி இதைப் பிடித்துவிடலாம் என்பது நடக்காத காரியம்.

அப்படியே எங்கிருந்தாவது சக்தி வந்தாலும் படகின் உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே! தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 36 அடி என்றால் வர்க்கமூலம் 6, வேகம் ஏறத்தாழ 8 நாட். 49 அடி என்றால் 7, வேகம் 9.4 நாட். இதற்கு மேல் தள்ளினால் படகு தான் கிளப்பிய அலை மேலேயே ஏற முயலும். டீசல் கரையும், அலை பெரிதாகும், வேகம் மட்டும் கூடாது. சின்ன ஃபைபர் படகு இந்த விதியைக் கொஞ்சம் மீறும், அது இலேசானது, தண்ணீர் மேல் எழும்பி ஓடும். ஆனால் மடியும் ஐஸும் மீனும் ஏற்றிய பிறகு அதுவும் கனமான படகுதான்.

பெட்ரோல் வி8 போட்ட வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் கேம் மாற்றுவது ஒரு பெரிய கலை. அங்கேயும் அனுபவசாலிகள் ஓவர்லாப்பைக் குறைத்தே வைக்கிறார்கள். படகின் எக்ஸாஸ்ட் குழாயில் குளிர்விக்கத் தண்ணீர் கலக்கிறது. ஓவர்லாப் அதிகமானால் மெதுவாக ஓடும்போது புகையோடு அந்தத் தண்ணீரும் பின்னோக்கி சிலிண்டருக்குள் வந்துவிடும். காரில் பறக்கும் கேம் படகில் எஞ்சினை மூழ்கடிக்கும் என்பதை அவர்கள் செலவு செய்து தெரிந்துகொண்டார்கள். இங்கே இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

வேகத்துக்கு ஆசைப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முதலில் கரை சேர்கிற படகின் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். நான்கு நாள் கடலில் கிடந்தவருக்கு வீட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வருவதும் பெரிய விஷயம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் கேமில் இல்லை. அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதில் இருக்கிறது, வளைந்த புரொப்பல்லர் இலையை நிமிர்த்துவதில் இருக்கிறது, சரியாகத் தூவாத இன்ஜெக்டரைச் சோதிப்பதில் இருக்கிறது. பெரிய எஞ்சின் போட்டு வேகம் பிடிக்கிற வழிக்கும் எல்லை உண்டு. தமிழகத்தின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் 2020-இல் வந்த திருத்தம் 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதிவேக எஞ்சின் படகுகளை எதிர்த்து மற்ற மீனவர்களே போராடுகிறார்கள். ஒருவர் வேகம் கூட்டினால் பக்கத்துப் படகும் கூட்ட வேண்டும். கடைசியில் எல்லாரும் அதிக டீசல் எரித்து அதே மீனைப் பிடிப்பார்கள்.

ஆகவே கேம் விஷயத்தில் சரியான தேர்வு, எஞ்சினைச் செய்தவர் போட்ட அதே கேம். தேய்ந்திருந்தால் அதே எண்ணுள்ள புதியது. தேய்மானம் பார்ப்பது கஷ்டமில்லை. லோப்பின் மூக்கு உயரத்தையும் அடிவட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து கழித்தால் லிஃப்ட் வந்துவிடும். ஆறு சிலிண்டருக்கும் எழுதிப் பாருங்கள், ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அது தேய்கிறது. தேய்ந்த லோப்பில் வெல்டிங் வைத்து அரைத்துத் தருகிற பட்டறைகள் உண்டு. வயலில் 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுக்கு அது போதும். நின்றுபோனால் வரப்பு வழியாக நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். கடலில் வரப்பு இல்லை.

புதுக் கேம் போட்டால் டேப்பட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய டேப்பட்டின் அடிப்பகுதி பழைய லோப்புக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், புது லோப்பை அது சில மணி நேரத்தில் தின்றுவிடும். கியர் குறியைப் பார்த்துப் பொருத்துவதும் முக்கியம். கேம் கியரில் 50 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினால் கேமில் 7.2 டிகிரி, கிராங்கில் 14.4 டிகிரி. பிஸ்டனை வால்வு முட்ட அது போதும். முதல் ஓட்டமும் முக்கியம். பெரும்பாலான தட்டை டேப்பட் எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்த உடனே ஐட்லிங்கில் விடாமல், நடுத்தர ஆர்.பி.எம்.மில் இருபது முப்பது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். மெதுவாக ஓடும்போதுதான் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் லோப் மூக்கில் விழுகிறது, எண்ணெயும் குறைவாகத் தெறிக்கிறது. ஆனால் படகு கரையேறி நிற்கும்போது கடல் தண்ணீரால் குளிரும் எஞ்சினை அரை மணி நேரம் எப்படி ஓட்டுவது? பக்கத்தில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வைத்துப் பம்புக்குக் குழாய் போட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஸ்பிரிங். ஐம்பதாயிரம் செலவு செய்கிற எஞ்சின் வேலையில் இதற்கு ஆகும் பணம் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனால் பழையதையே மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போடுகிற ஒரே பொருளும் இதுதான்.

1800 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினில் கேம் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 900 முறை திறந்து மூடும். மணிக்கு 54,000. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 5,40,000. வருடத்துக்கு 200 நாள் கடல் என்று வைத்தால் பத்துக் கோடியைத் தாண்டும். இரும்புக் கம்பி சோர்ந்துபோவது இப்படித்தான். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பளபளவென்று இருக்கும்.

கடல் எஞ்சினில் சோர்வோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கேஸ்கட் கசிந்தோ கூலர் ஓட்டையாகியோ எண்ணெயில் உப்புத்தண்ணீர் கலந்தால், ஸ்பிரிங் கம்பியில் ஊசிமுனை அளவு துரு விழும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் மூழ்கிய எஞ்சின்களுக்கும் இந்த உப்பு எதிரி வெளியிலிருந்து வராது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும். விரிசல் தொடங்குவது அந்த ஊசிமுனையில்தான். வகுப்பில் மனப்பாடம் செய்கிற சூத்திரத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 4 மில்லிமீட்டர் கம்பி துருவில் தேய்ந்து 3.9 ஆனால், 0.975-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.904. பத்தில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. கண்ணுக்கு என்னவோ அதே ஸ்பிரிங்தான்.

லேத் பட்டறையில் நடக்கிற இன்னொரு விஷயம் யாரும் கவனிக்காதது. ஒவ்வொரு முறை எஞ்சின் பிரிக்கும்போதும் வால்வு சீட்டை வெட்டி, வால்வை கிரைண்ட் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்குகிறது, அதன் காம்பு அந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டு வருகிறது. அதனால் ஸ்பிரிங் உட்காரும் இடைவெளி கூடுகிறது. எடுத்துக்காட்டாக, மூடிய நிலையில் 250 நியூட்டன் அழுத்தும், மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளலாம். சீட் வெட்டியதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடினால் 30 நியூட்டன் போச்சு. அதாவது 12 சதவீதம். புது ஸ்பிரிங் போட்டும் பழைய ஸ்பிரிங் பலம்தான் இருக்கும்.

பலம் குறைந்தால் என்ன ஆகும்? கேம் லோப் இறங்கும்போது வால்வு அதோடு கூட வராமல் மிதக்கும். மடிக் கயிறு அறுந்தோ புரொப்பல்லர் அலைக்கு மேலே வந்தோ எஞ்சின் திடீரென்று எகிறும் நொடியில் இது நடக்கும். வால்வைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையான விசை ஆர்.பி.எம்.மின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 1800-லிருந்து 2200-க்கு எகிறினால் ஒன்றரை மடங்கு விசை வேண்டும். ஸ்பிரிங்கில் அது இல்லையென்றால் வால்வு தாமதமாக வந்து சீட்டில் மோதும், துள்ளும். இல்லையென்றால் பிஸ்டன் வந்து முட்டும்.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். "அப்போ டைட்டா இருக்கிற ஸ்பிரிங்காப் போடுங்க, கீழே ரெண்டு வாஷர் வைங்க" என்பார்கள். இதுவும் தப்பு. தேவைக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங் ஒவ்வொரு சுற்றிலும் லோப்பையும் டேப்பட்டையும் அரைக்கும், புஷ் ராடை வளைக்கும். வாஷர் வைத்து உயர்த்தினால், வால்வு முழுக்கத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடக்கூடும். அந்த நேரம் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் குழாய். முழுத் திறப்பிலும் எல்லாச் சுருளுக்கும் நடுவில் மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். வாஷருக்கு ஒரு நேர்மையான வேலை உண்டு: சீட் வெட்டியதால் கூடிய இடைவெளியைச் சரியாக அந்த அளவுக்கு மட்டும் ஈடுகட்டுவது.

ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங் என்று இரட்டையாக இருந்தால் மொத்தம் 24. இரட்டையாகப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் சொந்தமாக ஒரு அதிர்வு உண்டு. இரண்டும் வேறு வேறு அளவில் இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது அடக்கும். ஒன்று முறிந்தாலும் மற்றது வால்வு உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு கரை வரை கொண்டுவரலாம். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பார்கள், ஒன்றுக்குள் ஒன்று சிக்காமல் இருக்க. முறிந்த ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் இல்லை. அதே நாளில் பிறந்து அதே கோடி முறை அமுங்கிய மற்ற 23-ம் அதே வரிசையில்தான் நிற்கின்றன.

ஸ்பிரிங்கைச் சோதிக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. புதியதையும் பழையதையும் கண்ணாடி மேல் நிற்கவைத்து உயரமும் சாய்வும் பார்க்கலாம். பிறகு டிரில்லிங் மெஷினின் மேடையில் குளியலறை எடைமேடையை வைத்து, ஸ்பிரிங்கை அதன் மேல் நிறுத்தி, மேலிருந்து அமுக்கி, வெர்னியரில் உயரம் பார்த்தால் எடை தெரியும். மேலே சொன்ன 250 நியூட்டன் என்பது ஏறத்தாழ 25 கிலோதான். புதியதைவிடப் பத்து சதவீதம் குறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, யாரும் பயன்படுத்தாதது. பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று எங்கே போனாலும் பொருள் வலிமை ஆய்வகத்தில் ஸ்பிரிங் சோதிக்கும் இயந்திரம் ஒன்று நிற்கும். செமஸ்டருக்கு ஒரு முறை அதில் ஒரே ஸ்பிரிங்கை அமுக்கி, சீனியர் ரெக்கார்டில் இருக்கிற அதே அளவை எழுதி, கையெழுத்து வாங்குவதோடு அதன் வேலை முடிகிறது. தடைக்காலத்தின் பெரும்பகுதி கல்லூரி விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. அந்த இரண்டு மாதமும் அந்த இயந்திரம் உறை போட்டுத் தூங்குகிறது. நாகப்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் சுற்றிலும் உள்ள கல்லூரிகள் வாரத்துக்கு இரண்டு நாள் ஆய்வகத்தைத் திறந்து, ஒரு எஞ்சினின் 24 ஸ்பிரிங்கையும் அமுக்கி, அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. மாணவர்களுக்கும் வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் இல்லாத ரீடிங் கிடைக்கும்!

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கடலில் எஞ்சின் நின்றால் நிற்பது எஞ்சின் மட்டும் இல்லை. கோடியக்கரைக்கு அப்பால் பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படி போட்ட எல்லைக் கோடு ஓடுகிறது. தண்ணீரில் கோடு தெரியாது. ஸ்பிரிங் முறிந்து, வால்வு விழுந்து, பிஸ்டன் உடைந்த படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் அது போகும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் இலங்கைக் கடற்படை. அங்கே 2017-இல் இழுவை மடி மீன்பிடிப்பையே சட்டத்தால் தடை செய்தார்கள். 2018-இல் எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பெரிதாக உயர்த்தினார்கள். எல்லை தாண்டி மீன் பிடிப்பதன் நியாய அநியாயம் வேறு விவாதம், அதற்கு இரண்டு பக்கத்திலும் கண்ணீர் உண்டு. ஆனால் தாண்ட நினைக்காதவரும் ஒரு கம்பிச் சுருளால் தாண்ட நேரலாம். நீதிமன்றத்தில் போய் வால்வு ஸ்பிரிங்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

எல்லை வரை போக வேண்டாம். ஜூன் 15 காலையில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். 61 நாள் வருமானம் இல்லாமல், கடன் வாங்கி எஞ்சின் செய்தவர்கள் எல்லாரும் அன்று கடலில். அந்த முதல் வாரத்தில் எஞ்சின் நின்று, இன்னொரு படகு தன் தொழிலை விட்டுவிட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்தால் அந்தக் கணக்கு யாருக்கும் நேராவதில்லை.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதும் சரியில்லை. மே மாதம் பட்டறைகளில் நிற்க இடம் இருக்காது. எல்லா ஹெட்டும் ஒரே நேரத்தில் வந்து குவியும். கடையில் ஸ்பிரிங் செட் தீர்ந்துவிடும். "பழசையே போடுங்க, கடலுக்குப் போகணும்" என்று முதலாளி நெருக்குவார். எட்டு செட் கேட்டால் மூன்று செட் வரும் சூழ்நிலையில் மிஸ்திரி என்னதான் செய்வார்? மார்ச்சிலேயே எஞ்சின் எண்ணைச் சொல்லி ஸ்பிரிங், டேப்பட், வால்வு லாக் எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் இந்த நெருக்கடியில் பாதி போய்விடும். விதைநெல்லை நாற்று விடுகிற அன்றைக்கா போய்த் தேடுகிறார்கள்?

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை. ஹெட்டை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வால்வின் ஸ்பிரிங் உயரத்தையும் அளந்து, தேதி போட்டு, எஞ்சின் அறையின் பலகையில் பெயின்டில் எழுதிவிடலாம். நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும், பலகை படகோடேயே இருக்கும். அடுத்த ஏப்ரலில் எந்த மிஸ்திரி திறந்தாலும், எந்த வால்வு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்தப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.